தவளைக் குளத்துப் பங்குக்காரர்கள்

என் மனைவி என்னிடம் கடைசியாகக் கேட்ட பொருள் தவளைச் சத்தம். சத்தத்தைப் பொருள் என்று சொல்வது சரியன்று. ஆனால் கடைக்குப் புறப்படுகிறவனிடம் உப்பு வாங்கிவரச் சொல்லும் குரலிலேயே அவள் அதைக் கேட்டாள்.

"என்னங்க, இங்க தவளையே இல்லையா?"

அப்போது நாங்கள் சேரம்பாடிப் பக்கத்தில் அரசுத் தேயிலைத் தோட்டமொன்றின் உத்தியோகத்தர் குடியிருப்பில் இருந்தோம். இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி இந்தியப் பிரஜைகளாகித் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, லாரிகளில் மலையேறி வந்தவர்கள்தாம் அத்தோட்டத்தில் ஏறக்குறைய எல்லாரும். காட்டை வெட்டி எரித்துத் தேயிலை நட்ட ஒரு மேட்டின் முதுகில் எங்கள் வீடு இருந்தது. ஓடை வெகு கீழே ஓடியது. மேட்டில் காற்று மட்டுமே சத்தமிட்டது. கடலுக்கு அப்பால், இறக்குவானைப் பக்கத்தில் நாங்கள் விட்டுவந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு சதுப்பு வயல் உண்டு. அந்தி சாய்ந்தால் அங்கே தவளைகள் கத்தும் கத்தலில் வானொலிச் செய்தி கேட்காது. நான் பல ஆண்டுகள் அதைப் பற்றிக் குறைகூறியிருக்கிறேன். அவள் குறைகூறியதில்லை.

அவளுக்கு இருதயத்தில் கோளாறு. சன்னலோரக் கட்டிலை விட்டு அதிகம் எழுவதில்லை. குன்னூரிலிருந்த டாக்டர் மருந்துகளைப் பற்றிச் சொன்னபோது என்னைப் பார்த்தார். வரப்போகும் மழைக்காலத்தைப் பற்றி நான் கேட்டபோது சன்னலைப் பார்த்தார். ஆகவே கணக்கு எளிமையானது. தவளை மழைக்குத்தான் கத்தும். மழைக்கு முன் குளம் வேண்டும். மழைவரை அவள் வேண்டும். இவற்றில் ஒன்று மட்டுமே என் கையில் இருந்தது.

ஊட்டியில் பழைய சாமான் கடை ஒன்றில், வெள்ளைக்காரர் யாரோ விட்டுப்போன தோட்டக்கலைப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். அதில் தவளைகளுக்குச் சிறு குளம் அமைப்பது பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. அதன் பாதி, உறைந்த குளத்தின் பனிக்கட்டியைத் தவளைகளுக்கு அதிர்ச்சி ஏற்படாதவாறு உடைப்பது எப்படி என்பதைப் பற்றியது. மீதிப் பாதி எனக்குப் போதுமானதாக இருந்தது. முழங்காலுக்கு மேற்படாத ஆழம், ஒருபக்கம் சாய்வான கரை, அடியில் மிதித்த களிமண், அதன்மேல் நன்றாகக் கழுவிய கூழாங்கல்.

ஒரு சனிக்கிழமை காலை, அவளுடைய சன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் மண்வெட்டியைப் போட்டேன். கயிறு பிடித்து நேராக வெட்டுவது என் பழக்கம். மதியத்துக்குள் ஓர் ஆள் நீளத்துக்கு ஒழுங்கான குழி உருவாகிவிட்டது. சன்னலில் அவள் முகம் தெரிந்தது.

"எனக்கா?" என்று கேட்டாள்.

"தவளைக்கு."

"அப்பக் கொஞ்சம் வளைச்சு வெட்டுங்க. இப்பிடியே விட்டாப் பாக்குறவங்க தப்பா நினைப்பாங்க."

வளைத்து வெட்டினேன். பார்க்கிறவர்கள் தப்பாகத்தான் நினைத்தார்கள். ஆனால் அவளோ நானோ எதிர்பார்த்த தப்பு அன்று அது.

இங்கே எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நான் தபாலில் பாடம் பெற்று வெளிவாரிப் பட்டம் எடுத்தவன். பாடம் அளவையியல், அதாவது சரியாகச் சிந்திக்கும் முறை. அந்தப் பட்டத்துக்கு இந்நாட்டில் எது சமம் என்பது முடிவாகும்வரை, தோட்டப் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் தற்காலிக ஆசிரியனாக இருந்தேன். என் மனைவி இறக்குவானையில் அரிவரி வகுப்பு ஆசிரியை. இங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்களில் பாதிப்பேர் அவளிடம் அ, ஆ எழுதிப் பழகியவர்கள். என்னை மாஸ்டரய்யா என்றும் அவளை டீச்சரம்மா என்றும் அழைத்தார்கள். என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். அவளைக் கண்டால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

மறுநாள் ஓடையிலிருந்து இரண்டு சாக்குக் கூழாங்கல் கொண்டுவந்தேன். ஒரு வாளித் தண்ணீரில் மூங்கில் தட்டை அமிழ்த்தி, கல்லைப் போட்டு, சேறு பிரிவதற்காகத் தட்டைச் சுற்றிச் சுற்றி அசைத்துக்கொண்டிருந்தேன். மேலே பாதையில் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றார். செருப்பைக் கழற்றிப் பாதையிலேயே வைத்தார். வெறுங்காலோடு, கோயிலுக்குள் நுழைகிறவர்போல இறங்கி வந்தார்.

அவர் இங்கே தேயிலைச் செடிகளைத் தறித்துவிடும் கவ்வாத்து வெட்டுகிறவர். அங்கே, தோட்ட வேலை குறைந்த காலங்களில், இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழிகளில் மண் கழுவப் போனவர். குழியிலிருந்து எடுத்த சரளையைத் தட்டில் இட்டு, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றிக் கழுவி, அடியில் தங்கும் கற்களில் விலையுள்ளதைப் பொறுக்கிப் பங்கு பிரித்துக்கொள்வது அந்தத் தொழில். இனி அவரைக் குழிக்காரர் என்றே சொல்கிறேன்.

"மாஸ்டரய்யா, தனியாக் கழுவக் கூடாதுங்க" என்றார், தாழ்ந்த குரலில்.

ஏன் என்று கேட்டேன்.

"பங்குக்காரவங்க எல்லாம் உக்காந்து பாக்கணுங்க. இல்லாட்டிப் பின்னால பேச்சு வரும்."

நான் தட்டைக் கீழே வைத்து, புத்தகத்தைக் காட்டி, தவளைகளின் வாழ்க்கை முறையையும் சேறு கலந்த நீரின் தீமையையும் ஒழுங்காக விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் பாதையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "அப்படியே வச்சுக்குவோங்க" என்றார்.

மாலைக்குள் லயம் முழுவதும் அப்படியே வைத்துக்கொண்டது. என்னைச் சந்தித்தவர்கள் எல்லாரும் தவளைகளின் நலனை விசாரித்தார்கள். விசாரிக்கும்போது குரலைத் தாழ்த்தினார்கள். மாணிக்கம் எதுவும் இல்லை என்று நான் சொன்னேன். அதுவே பிழையாயிற்று. கல் கிடைத்தவன் கிடைக்கவில்லை என்றுதான் சொல்வான் என்பது இரத்தினபுரியில் எல்லாரும் அறிந்த உண்மை. நானும் கிடைக்கவில்லை என்கிறேன். ஆகவே எனக்குக் கிடைத்திருக்கிறது. இது போலி நியாயம். கிடைக்காதவனும் கிடைக்கவில்லை என்றுதானே சொல்வான்? இதை நான் அங்கே இருந்தபோது கரும்பலகையில் எத்தனையோ மாணவர்களுக்கு எழுதிக் காட்டியவன். குழிக்காரருக்கும் நிதானமாக எடுத்துச் சொன்னேன்.

அவர் சற்று யோசித்தார். "கிடைக்காதவன் ஏங்க மண்ணு கழுவுறான்?" என்றார்.

அதற்கு அளவையியலில் விடை உண்டு. அது நீளமானது. நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பங்குக்காரர்களுக்குச் சொல்லிவிடப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் எஞ்சிய கூழாங்கல்லைக் கழுவியது, லயத்து ஆண்களின் முன்னிலையில். எல்லாரும் குளித்து, திருநீறு பூசி, வெறுங்காலோடு வந்து குழியைச் சுற்றிக் குந்தினார்கள். பேச்சு இல்லை. குழியருகே சில சொற்களைச் சொல்லக் கூடாதாம். எந்தச் சொற்கள் என்று சொல்ல முடியாதாம், ஏனெனில் சொல்லக் கூடாது. பெண்கள் வரக் கூடாது என்பதால் அவர்கள் வேலிக்கு அப்பால் நின்றார்கள். நான் தட்டைச் சுழற்றும் ஒவ்வொரு முறையும் அத்தனை தலைகளும் கூடவே சுழன்றன. என் வகுப்பில் ஒருநாளும் இப்படிப்பட்ட கவனம் எனக்குக் கிடைத்ததில்லை. தட்டைக் கரையில் வைத்தபோது குழிக்காரர் குனிந்து, ஒவ்வொரு கல்லாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எல்லாவற்றையும் ஒதுக்கினார். முதல் கழுவலில் எதுவும் கிடைக்காமலிருப்பது நல்ல அடையாளம் என்று அவர் சொன்னதைக் கேட்டு அனைவரும் மனநிறைவோடு எழுந்தார்கள்.

சன்னலில் என் மனைவி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூச்சு வாங்குகிறதோ என்று பயந்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தோட்டத்து அதிகாரி ஜீப்பில் வந்தார். பொள்ளாச்சிப் பக்கத்தவர், கண்ணியமானவர். குழியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், ஊட்டுக்குப் பின்னால என்னமோ தோண்டறீங்கன்னு ஒரே பேச்சா இருக்குதுங்களே."

தவளைக் குளம் என்றேன். மனைவியின் உடல்நிலையைச் சொன்னேன். அவர் முகம் இளகியது. வருத்தம் தெரிவித்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, இந்த மலைகளில் அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கம் தேடிக் குடைந்த சுரங்கங்கள் இன்னும் வாய் பிளந்து கிடப்பதை எனக்கு நினைவூட்டினார். மாணிக்கமெல்லாம் இந்த மண்ணில் கிடையாது, லயத்து ஆட்கள் விவரமில்லாமல் பேசுகிறார்கள், இது தங்க மண் என்றார். மண்ணுக்கு அடியில் இருப்பது அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பதையும் மிகுந்த தயக்கத்தோடு சொன்னார். குழிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தங்கத்தைக் கடுமையாக மறுத்தார். என் குளத்தின் கரையில் நின்று இருவரும் நெடுநேரம் வாதிட்டார்கள். தவளை என்ற கட்சிக்கு ஆள் இல்லை.

இறுதியில், மேலிடத்தைக் கேட்கும்வரை குழியைக் காக்க ஒரு வாட்ச்மேனை அதிகாரி நியமித்தார். வாட்ச்மேன் அன்று மாலையே பங்குக்காரர்களோடு சேர்ந்துவிட்டார்.

இவையெல்லாம் எனக்கு வெறும் வேடிக்கையாக இருந்திருக்கலாம். ஆனால் சித்திரை முடியப்போகிறது. மேகங்கள் கேரளத்துப் பக்கம் திரளத் தொடங்கியிருந்தன. குளத்தில் இன்னும் தண்ணீர் நிற்கவில்லை. அவளோ ஒரு தலையணைக்கு இரண்டாக வைத்துக்கொண்டாலொழியப் படுக்க முடியாதவளாகிவிட்டாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பினேன். குழிக்குள்ளிருந்து மண் பறந்து வந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே குழிக்காரரின் தலைப்பாகை, என் பாதத்துக்கும் கீழே தெரிந்தது. நான் படிப்பாளி, மண் வெட்டிக் களைத்திருப்பேன் என்று இரக்கப்பட்டு, வேலை முடிந்த ஆண்கள் உதவிக்கு வந்திருந்தார்கள். நான் மிதித்த களிமண் கரையில் குவிந்து கிடந்தது. சாய்வான கரை போயிற்று. நாற்புறமும் செங்குத்தான சுவர். இதில் விழும் எந்தத் தவளையும் மேலே வர முடியாது. ஏணி வைத்தால்தான் உண்டு.

நான் கோபப்படுகிற வழக்கம் இல்லாதவன். கோபப்பட்டிருக்க வேண்டிய நேரங்களில் சொற்களைத் தேடிக்கொண்டிருப்பேன். அன்றும் தேடிக்கொண்டிருந்தபோது சன்னலிலிருந்து அவள் குரல் வந்தது. மெலிந்த குரல்தான். ஆனால் அது அரிவரி வகுப்புக் குரல்.

"எல்லாரும் மேல ஏறுங்க."

ஏறினார்கள். குழிக்காரர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சன்னலருகே போய் நின்றார்.

"எனக்கு ஒரு கனவு வந்திச்சு" என்றாள் அவள். "செவப்புச் சேலை கட்டின ஒரு அம்மா வந்தாங்க. கல்லு ஆழத்துல இல்லையாம். முழங்கால் தண்ணியிலதான் இருக்காம். தவளை தானா வந்து கத்துற அன்னைக்குக் கல்லு மேல வருமாம். அதுவரைக்கும் யாரும் மண்ணுல கை வைக்கக் கூடாதாம்."

நான் அருகிலேயே நின்றேன். எங்கள் திருமண வாழ்க்கை முழுவதிலும் அவள் ஒரு கனவையும் சொன்னதில்லை. கனவு காண்பது சோம்பேறிகளின் வேலை என்பது அவள் கொள்கை.

"எந்த மாதிரித் தவளைங்க டீச்சரம்மா?" என்று குழிக்காரர் கேட்டார்.

"வர்ற தவளை. முதல்ல குழியைத் தூத்து, மாஸ்டர் சொல்ற மாதிரி களிமண்ணு மிதிங்க. நாளைக்கு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வந்து என்னைய அங்க உக்கார வைங்க. நான் பாக்கணும்."

கூட்டத்தில் ஒரு தயக்கம் பரவியது. குழிக்காரர் தொண்டையைச் செருமினார். "பொம்பளைங்க குழிகிட்ட வரக் கூடாதுங்களே."

"கனவு கண்டது யாரு?"

அவர் யோசித்தார். "நீங்கதாங்க."

"அப்புறம்?"

எல்லாரும் போன பிறகு, மாணிக்கம் வரும் என்று அவர்களிடம் சொன்னது நியாயமா என்று அவளைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னாள். "நீங்க உண்மையைச் சொல்லி என்ன கண்டீங்க?"

மறுநாள் லயமே திரண்டு வந்து களிமண் மிதித்தது. பெண்களுக்கும் தடை நீங்கியிருந்தது. அவர்கள் வரிசையாகக் கைகோத்து மிதித்ததில், புத்தகத்துப் படத்தில் இருந்ததைவிட நேர்த்தியான குளம் அமைந்தது. கரையில் கோரையும் சேம்பும் நட்டார்கள். தண்ணீரைக் குடங்களில் ஏற்றி ஊற்றினார்கள். அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து, கரை சாயவேண்டிய கோணத்தை ஒரு குச்சியால் காட்டிக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு மூச்சுத் திணறவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

தவளை தானாக வரவேண்டும் என்பதுதான் கனவின் நிபந்தனை. ஆனால் தானாக வருவதற்குச் சிறிது உதவி செய்யலாம் என்று பங்குக்காரர்கள் முடிவு செய்தார்கள். கொழுந்து எடுக்கப்போன பெண்கள் ஓடைக்கரையில் அகப்பட்டவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்கள். தேரைகள் வந்தன. மரத்தில் ஒட்டும் பச்சைத் தவளைகள் வந்தன. தேங்காய் மூடி அளவில், எல்லாரையும் வெறுப்போடு பார்க்கும் ஒரு கிழட்டுத் தவளை வந்தது. ஒருவர் ஆமை கொண்டுவந்தார். இதுவும் தண்ணீரில் இருப்பதுதானே என்று அவர் சொன்னதை யாராலும் மறுக்க முடியவில்லை.

விவகாரம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் முற்றியது. கூடையின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் நிறையில் கழிவு உண்டு. ஒரு பெண்ணின் கூடையில் கொழுந்துக்கடியில் தவளைகள் இருப்பதை நிறுப்பவர் கண்டுபிடித்துவிட்டார். தவளைக்கு எவ்வளவு கழிப்பது என்று விதி இல்லை. அந்தப் பெண், தவளை ஈரமாகத்தானே இருக்கிறது, ஈரக் கழிவிலேயே அதுவும் அடங்கும் என்று வாதாடினாள். நிறுப்பவர் அதிகாரியை அழைத்தார். அதிகாரி வந்து தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இரு தரப்பையும் பொறுமையாக விசாரித்தார். மீண்டும் தொப்பியை எடுத்து அணிந்துகொண்டபோது அதில் ஒரு சாட்சி உட்கார்ந்திருந்தது.

அன்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் சினம் இல்லை. பெரிய களைப்பு இருந்தது.

"ஏனுங்க மாஸ்டர், நெசமாலுமே தவளைதானுங்களா?"

"தவளைதான்."

"இதை நான் மேல எப்படீங்க சொல்றது?" என்றார். தங்கம் என்றால் சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. அவர் மேலிடத்துக்கு எதுவும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். வாட்ச்மேனை மட்டும் திரும்பப் பெற மறந்துவிட்டார்.

இத்தனைக்கும் குளம் மௌனமாகவே இருந்தது. கொண்டுவந்து விட்ட தவளைகள் ஒரு பகற்பொழுது மரியாதைக்கு இருந்துவிட்டு, இருட்டுவதற்குள் ஓடையைப் பார்த்துப் புறப்பட்டுவிடும். காலையில் ஆமை மட்டும் இருந்தது. பிறகு ஆமையும் இல்லை. நான் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பனிக்கட்டியைப் பற்றிய பகுதி என்று நான் தாண்டிப்போன பக்கத்தின் அடியில், பிற இடங்களிலிருந்து தவளைகளைக் கொண்டுவந்து விடுவதால் பயனில்லை, தண்ணீரை வைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும் என்று இருந்தது. எவ்வளவு காலம் என்று அந்த ஆசிரியர் சொல்லவில்லை. அவருக்கு அவசரம் இருந்திருக்காது.

காத்திருந்தோம். அவளால் நாற்காலியில் உட்கார முடியாமற்போயிற்று. கட்டிலைச் சன்னலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டேன். மாலை நேரத்தில் லயத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து அவள் காலைப் பிடித்துவிடுவார்கள். ஆண்கள் குளத்தங்கரையில் பேசாமல் குந்தியிருப்பார்கள். உள்ளும் புறமும் எல்லாரும் ஒரே சத்தத்துக்காகத்தான் காது கொடுத்திருந்தோம். காரணங்கள்தாம் வேறு.

மழை ஒரு பிற்பகலில் பிடித்தது. அந்தப் பக்கத்து மழை பிடித்தால் விடாது. அந்தி மங்கும் நேரத்தில் சற்றே தணிந்தபோது, சேம்புப் புதரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டிக், டிக், டிக் என்று, யாரோ இரண்டு கூழாங்கற்களை ஒன்றோடொன்று தட்டுவதுபோல. நின்றது. மறுபடி தட்டியது.

சாக்குகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பங்குக்காரர்கள் மேடேறி வந்தார்கள். குழிக்காரர் கரையில் குந்திக் காது கொடுத்தார். கல் தட்டுகிறது என்றார். அடியிலிருந்து கல் மேலே வரும்போது மற்றக் கற்களில் இடிக்கும் சத்தம் அது என்றார். வாட்ச்மேன், குழாய் ஏதோ சொட்டுகிறது என்றார். எந்தத் தவளையும் இப்படிக் கத்தி நாங்கள் யாரும் கேட்டதில்லை. எங்கள் வயல் தவளைகள் தொண்டையை ஊதிக்கொண்டு ஊரைக் கூட்டுகிறவை. நானும் வாய்திறவாமல் நின்றேன். அது தவளையாக இருக்கவேண்டும் என்று நான் மிகவும் விரும்பியதால், என் தீர்ப்பை நானே நம்பவில்லை.

"தவளைதான்" என்றாள் அவள் உள்ளிருந்து.

நான் உள்ளே போனேன். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தவள் சன்னல் பக்கம் புரண்டிருந்தாள்.

"நம்ம ஊருத் தவளை மாதிரி இல்ல" என்றாள்.

"வேறு இனம்."

"தெரியுது. கத்தத் தெரியல." சிறிது நேரம் கேட்டாள். "இருக்கட்டும். போகப் போகப் பழகிக்கும்."

வெளியே குழிக்காரர் சன்னலருகே வந்து, சாக்கை எடுத்துவிட்டுத் தலைதாழ்த்தி, கத்திவிட்டதே, இனிக் கழுவலாமா என்று கேட்டார். அவள் ஒரு கையை உயர்த்த முயன்றாள். உயரவில்லை.

"வகுப்புல ஒருத்தன் சொன்னாப் போதுமா? எல்லாரும் சேர்ந்து சொல்லணும்."

"சரிங்க டீச்சரம்மா" என்று அவர் போய்விட்டார்.

அந்த ஒற்றைத் தவளை ஆனி மாதம் முழுவதும் தட்டியது. ஆடி பிறந்து சில நாட்களில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அவள் காலமானாள். அதைப் பற்றி நான் இதற்குமேல் எழுதப்போவதில்லை.

கருமாதி முடிந்த மறுநாள், பங்குக்காரர்கள் வந்தார்கள். கையில் மண்வெட்டிகள் இருந்தன. செருப்பு அணிந்திருந்தார்கள். அதை நான் உடனே கவனித்தேன்.

குழிக்காரர் மிகுந்த துயரத்தோடு பேசினார். குழிக்கு உரியவர் வீட்டில் சாவு விழுந்தால் குழியும் செத்ததாகக் கணக்கு. செத்த குழியைத் திறந்து போடக் கூடாது. கல்லைக் காக்கும் காவல் ஒன்று அதற்குள் இருக்கிறது, அது வீட்டில் இன்னோர் உயிரைக் கேட்கும். எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக, கூலி வேண்டாமல், மூடிவிட்டுப் போக வந்திருக்கிறார்கள். டீச்சரம்மாவுக்குச் செய்கிற கடமை என்றார். பின்னால் நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சேம்புப் புதரைப் பார்த்தேன். தண்ணீரின்மேல் தாழ்ந்திருந்த ஓர் இலையின் அடியில், சோற்றுக் கஞ்சி நுரைபோல முட்டைத் திரள் ஒன்று ஒட்டியிருந்தது. முந்தின நாள் அது இல்லை. அந்த ஒற்றைத் தவளைக்கு எங்கிருந்தோ பதில் வந்திருக்கிறது.

மூட வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். தவளை முட்டையிட்டிருக்கிறது என்றேன். தலையசைத்தார்கள். துக்கத்தில் இருப்பவனுக்குத் தலையசைப்பதுபோல அசைத்தார்கள். ஒருவர் உள்ளங்கையில் துப்பி மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் சொற்களைத் தேடினேன். என்னிடம் இருந்த உண்மைகள் எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தன.

"கல் இருக்கிறது" என்றேன்.

மண்வெட்டி நின்றது.

"நானே பார்த்தேன்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

குழிக்காரர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "என்ன அளவுங்க?"

"கோழி முட்டை அளவு."

"நெறங்க?"

"நீலம்."

அவர் முகத்திலிருந்து ஏதோ வடிந்துபோவதைப் பார்த்தேன். பிறகு மற்றவர்களிடம் திரும்பினார்.

"வாங்கப்பா, போவோம். இங்க ஒண்ணும் இல்ல."

வாட்ச்மேன் ஏதோ முணுமுணுத்தார். குழிக்காரர் அவரை அடக்கினார். "கல்லு கண்டவன் எவன்டா வாயைத் தொறந்து சொல்லுவான், அதுவும் அளவோட நெறத்தோட? மாஸ்டரய்யா மொதல்லயே தவளைக்குன்னு சொன்னாரு. நம்மதான் கேக்கல. கல்லு இல்லாத குழிக்குக் காவலும் இல்ல. இது வெறுங்குளம். கெடக்கட்டும்."

ஒவ்வொருவராக என் முன்னால் வந்து, தலைகுனிந்து, பாதையேறிப் போனார்கள். ஏமாற்றத்தை எவரும் என்னிடம் காட்டவில்லை. கடைசியாகப் போனவர், சேம்பு சாய்ந்திருந்த இடத்தில் ஒரு கல்லை எடுத்து முட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்.

பொய்யான எடுகூற்றிலிருந்து, அதாவது நான் சொன்ன பொய்யிலிருந்து, போலி நியாயத்தின் வழியாக உண்மையான முடிவு பெறப்பட்டதை என் வாழ்நாளில் அன்றுதான் கண்ணெதிரே கண்டேன். பாடப்புத்தகத்தில் சேர்க்கத் தகுந்த எடுத்துக்காட்டு. அவளுக்கு இது மிகவும் பிடிக்கும் என்று தோன்றியது. உடனே சொல்லவேண்டும் என்று திரும்பி, வாசற்படிவரை வந்துவிட்டேன்.